முப்பத்தேழுக்கு எதிரே எழுதிய ஐந்து

கதிர்,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். "அன்புள்ள" என்று போட மனம் வரவில்லை. போடாமல் விடவும் மனம் வரவில்லை. அதனால் உன் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். உன் கல்யாண விருந்து முடிந்து இன்றோடு பத்தொன்பது நாள். இந்தப் பத்தொன்பது நாளும் நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ இரண்டு முறை நம் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்தாய். இரண்டு முறையும் நான் லிஃப்டில் இறங்கிப்போய் அடுக்குமாடி புளோக்குக்கு அடியில், செஸ் கட்டம் போட்ட கல் மேசையில் தனியாக உட்கார்ந்துகொண்டேன். சனிக்கிழமை நீயும் நிஷாவும் மெல்பர்னுக்கு விமானம் ஏறுகிறீர்கள். வழியனுப்ப வரமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். விருந்தில் நான் உனக்குப் போட்ட கைச்சங்கிலியைத் திருப்பித் தரவும் சொன்னேன். நீ ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினாய். நீ சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இதை நிஷாவும் படிக்கட்டும். அவளுக்கு அன்று விருந்தில் எல்லோரும் ஏன் சிரித்தார்கள் என்று பாதிதான் புரிந்திருக்கும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ பிறந்த அன்று நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கைப்பேசி எல்லாம் என்னிடம் கிடையாது. முனையத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் டைம் கீப்பர் ஹமீது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அண்ணே, பையன்! ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு, பையன் அண்ணே!" என்று கத்தினார். எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரே வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் இருந்தது. அதைப் பார்த்தேன். 294409. இரண்டு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நானூற்று ஒன்பது கிலோமீட்டர். டியூட்டி சீட்டின் பின்னால் அந்த எண்ணை எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்தேன். மற்றவர்கள் நேரம் குறித்து ஜாதகம் எழுதுவார்கள். நான் இதைக் குறித்தேன்.

பதின்மூன்று வருடம் அந்தச் சீட்டு என் பர்ஸில் கிடந்தது. நீ உயர்நிலை ஒன்றுக்குப் போனபோது பள்ளியில் பகா எண் நடத்தினார்கள். உங்கள் பாஷையில் பிரைம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண். எனக்கு அந்தச் சங்கதி பிடித்துவிட்டது. யாராலும் பங்கு போட முடியாத எண் என்று ஒன்று இருக்கிறதா என்று உன்னைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சீட்டை எடுத்து உன் முன்னால் வைத்து, "இது அப்படிப்பட்டதா பாரு" என்றேன். நீ சொன்னாய், எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை, பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும், அதுவும் ஐந்நூற்று நாற்பத்தொன்று வரை போனால் போதும் என்று. அதற்கு மேல் போனால் எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டிவிடும் என்றாய். எண்ணிப் பார்த்தோம். சரியாக நூறு பகா எண்கள். எனக்கு அதுவே ஒரு நல்ல சகுனமாகப் பட்டது. ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். இரண்டு எனக்கு, மூன்று உனக்கு, ஐந்து எனக்கு, ஏழு உனக்கு. ஆளுக்கு ஐம்பது. கால்குலேட்டர் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். பொத்தானை அழுத்திக் கிடைக்கும் விடை நம்முடையது இல்லை என்று பெரிதாகப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மா தேக்கா சந்தைக்குள் நுழைந்தால் மீன், கீரை, பூ என்று வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகும். நாம் இருவரும் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்காருவோம். எனக்கு ஆற்றிய டீ, தே தாரே; உனக்கு ஐஸ் போட்ட ரோஸ் பால், பந்துங். நடுவில் நீல அட்டை போட்ட நோட்டு. ஒரு பக்கம் எண், எதிரே மீதி. கிறுக்கி வகுப்பதெல்லாம் தனித் தாளில், மீதி மட்டும் நோட்டில். ஏழுக்கு எதிரே நீ மூன்று என்று எழுதினாய். பதினொன்றுக்கு எதிரே நான் ஐந்து என்று எழுதினேன். நாற்பத்தேழுக்கு ஒன்றே ஒன்று மீதி வந்தபோது நான் மேசையைத் தட்டி, "தப்பிச்சிருச்சுடா!" என்று கத்தினேன். பக்கத்து மேசை பங்களாதேஷ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலு மாதம் அப்படிப் போனது. கடைசி எண் உன் பங்கில் வந்தது. நீ மீதியை எழுதி நோட்டை மூடினாய். என் மகன் பிறந்த எண் பகா எண் என்று அன்று முடிவானது.

அதற்குப் பிறகு நான் அதை யாரிடம்தான் சொல்லவில்லை? டெப்போவில் சொன்னேன். கோயில் வரிசையில் நின்றவரிடம் சொன்னேன். பெற்றோர் கூட்டத்தில் உன் கணக்கு ஆசிரியையிடம் என் ஓட்டை ஆங்கிலத்தில் பத்து நிமிடம் சொன்னேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். காது சிவந்திருந்தது. என் ஆங்கிலத்துக்கு வெட்கப்படுகிறாய் என்று நினைத்து, வீட்டுக்கு வரும் வழியில் உன்னைத் திட்டினேன். "பஸ் ஓட்டற அப்பன்னா கேவலமா இருக்கா?" என்று கேட்டேன். அது நான் செய்த தப்பு. ஆனால் நீ அன்று எதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் திட்டியவன் நான். தெரிந்தே என்னைப் பேசவிட்டவன் நீ.

விருந்துக்கு ஒரு மாதம் முன்னால் சிராங்கூன் சாலை நகைக்கடையில் கைச்சங்கிலி செய்யக் கொடுத்தேன். உள்பக்கம் 294409 என்று பொறிக்கச் சொன்னதும் ஆசாரி, "கார் நம்பரா அண்ணே?" என்றார். அவரையும் விடவில்லை, உட்காரவைத்து முழுக் கதையும் சொன்னேன். மேடையில் உன் கையில் அதைப் போட்டுவிட்டு மைக்கை வாங்கி, இந்த எண்ணை எவனாலும் பிரிக்க முடியாது, அது போல இவர்கள் இருவரையும் எவனாலும் பிரிக்க முடியாது என்று சொன்னேன். மூன்று வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய வாக்கியம் அது. கை தட்டினார்கள். பிறகு மைக் உன் கைக்குப் போனது. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அப்பா, சாரி பா. இனிமேலும் மறைக்க முடியாது. இது பிரைம் இல்ல. தேர்ட்டி செவனால போகும். செகண்ட் வீக்லயே எனக்குத் தெரிஞ்சிருச்சு. பேனாவ வச்சிட்டு அப்பா முகத்தப் பாத்தேன், சொல்ல மனசு வரல லா. ரிமெய்ண்டர் ஃபைவ்னு எழுதிட்டேன்." அரங்கமே சிரித்தது. நிகழ்ச்சி நடத்திய பையன், "அங்கிள், கவலைப்படாதீங்க, தங்கம் ஒரிஜினல்தான்!" என்றான். அதற்கு இன்னும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாய் சிரித்ததை வீடியோவில் பார்த்தேன், எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கை கழுவப் போன இடத்தில் உன் பல்கலைக்கழகத் தோழன் ஒருவன், தாடி வைத்தவன், என்னைப் பிடித்துக்கொண்டான். "அங்கிள், அது சும்மா நம்பர் இல்ல லா. பிரைம் மாதிரியே நடிக்கும். கதிர் ஹாஸ்டல்ல எங்ககிட்ட எப்பவும் சொல்லுவான்" என்று ஆரம்பித்தான். பெரிய எண்களை வகுத்துப் பார்க்காமலேயே பகா எண்ணா என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குச் சோதனை இருக்கிறதாம். உண்மையான பகா எண்கள் எல்லாம் அதில் தேறிவிடுமாம். மற்றவை பெரும்பாலும் மாட்டிக்கொள்ளுமாம். ஆனால் சில எண்கள் பகா எண்ணே இல்லாமல், எத்தனை விதமாகக் கேட்டாலும் அந்தச் சோதனையில் தேறிவிடுமாம். பத்து லட்சத்துக்குள் பகா எண்கள் எழுபத்தெட்டாயிரத்துக்கு மேல் இருக்க, இந்த வகை நாற்பத்து மூன்றே மூன்றுதானாம். என் எண் அதில் ஒன்றாம். அவன் இன்னும் ஏதோ எண்களைச் சொல்லி அழகு அழகு என்றான். எனக்குக் காதில் ஏறவில்லை. "ஹாஸ்டல்ல எப்பவும் சொல்லுவான்" என்பது மட்டும் ஏறியது. நான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்த அதே வருடங்களில், நீ உன் அறையில் அதை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

நீ ஐந்து என்று எழுதியதற்காக நான் கோபப்படவில்லை. பதின்மூன்று வயதில் யாரும் செய்வார்கள். பதினெட்டு வருடம் என்னைப் பேசவிட்டாயே, அதுதான். ஒவ்வொரு முறை நான் வாயைத் திறக்கும்போதும் நீ என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாய். பாவம் அப்பா, சொல்லிவிட்டுப் போகட்டும். குழந்தைக்கு விட்டுக்கொடுத்துத் தோற்பது போல எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாய். உனக்கும் எனக்கும் சமமாக ஒன்று இருந்தது என்றால் அது அந்த நோட்டு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்ஜினியர், நான் உயர்நிலை இரண்டோடு நின்றவன். அந்த நோட்டில் மட்டும் ஆளுக்கு ஐம்பது. அதுவும் நீ எனக்குப் போட்ட பிச்சை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், உன் மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

ஆத்திரத்தில்தான் அந்த நோட்டைத் தேடினேன். உன் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த பெட்டியின் அடியில் கிடைத்தது. ஒரு பொய் சொன்னவன் இன்னும் எத்தனை சொல்லியிருப்பான் என்று பார்க்க வேண்டும். என் சட்டத்தை நானே மீறிக் கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு உன் ஐம்பதையும் சரி பார்த்தேன். மூன்று சரி. ஏழு சரி. பதின்மூன்று, பத்தொன்பது, இருபத்தொன்பது சரி. முப்பத்தேழு தவறு, நீயே ஒப்புக்கொண்டது. நாற்பத்து மூன்றுக்கு முப்பத்தொன்று என்று எழுதியிருக்கிறாய், சரி. அப்படியே கடைசி வரை போனேன். எல்லாம் சரி. ஐம்பதில் ஒன்றே ஒன்றுதான் பொய். முப்பத்தேழில் காரியம் முடிந்துவிட்டது, இனி வகுப்பதெல்லாம் வெட்டி வேலை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் அதற்குப் பிறகு நாற்பத்து நான்கு எண்களால், ஒரு மீதிகூடத் தப்பாமல், காகிதத்தில் வகுத்திருக்கிறாய். கீழே பந்து விளையாடக் கூப்பிட்ட பையன்களை விட்டுவிட்டு வந்து வகுத்திருக்கிறாய். நான் நோட்டை மூடி வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை சும்மா இருக்கவில்லை, என் பங்கையும் பார்த்துவிடுவோம் என்று மறுபடி திறந்தேன். இரண்டு, ஐந்து, பதினொன்று சரி. அறுபத்தேழு வரை பத்தும் சரி. எழுபத்து மூன்றுக்கு எதிரே மீதி பன்னிரண்டு என்று என் கையெழுத்தில் இருந்தது. கால்குலேட்டர் மீதி இல்லை என்றது. திரும்பப் போட்டேன். திரும்பவும் அதே. அதற்கு அடுத்தது தவறு. அதற்கும் அடுத்தது தவறு. நூற்று ஒன்பதுக்கு நாற்பது என்று எழுதியிருந்தேன். அங்கேயும் மீதி இல்லை. கடைசி நாற்பது எண்களுக்கும் நான் எழுதியிருந்த மீதிகளில் ஒன்றுகூடச் சரியில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாயா தெரியாது. நிஜமாகவே மறந்துபோயிருந்தது. நோட்டைப் பார்த்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை. நீ அந்த வாரத்துக்கான உன் மூன்று எண்களையும் முடித்துவிட்டு பந்துங்கில் மிச்சமிருந்த ஐஸைக் கடித்துக்கொண்டிருந்தாய். நான் அறுபத்தேழோடு மூன்றாம் முறை போராடிக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்து, மெதுவாக, "அப்பா, அங்க பாரோ பண்ண மறந்துட்டீங்க" என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் சுருக்கென்றது. கழித்தலில் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்க மறந்ததைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை காட்டிக்கொடுக்கும்படி ஆகிவிட்டதே என்று இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து, என் பங்கை முனையத்தில் பஸ் நிற்கும் நேரத்தில் முடித்துக்கொண்டு வருகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். முனையத்தில் கழிவறைக்குப் போய் வந்து ஒரு தேநீர் குடிக்கத்தான் நேரம் இருக்கும். ஸ்டியரிங்கில் நோட்டை வைத்து மனதுக்குத் தோன்றிய எண்ணை மீதியாக எழுதினேன். சந்தேகம் வரக் கூடாது என்று ஒரு முறை பெரிதாகவும் ஒரு முறை சிறிதாகவும் மாற்றி மாற்றி எழுதினேன். நீ கடையில் உட்கார்ந்து உண்மையாக வகுத்துக்கொண்டிருந்தபோது நான் எதிரே உட்கார்ந்து, "நான் எப்பவோ முடிச்சிட்டேன்டா" என்று கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட ஒரு கால்குலேட்டரை எடுத்துப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் எனக்கு அந்தத் தாடிக்காரத் தோழன் சொன்னது காதில் ஏறியது. உன் அம்மாவிடம் சொல்லி அவன் கைப்பேசி எண்ணை வாங்கி, கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னைக்கு இன்னும் ரெண்டு நம்பர் சொன்னியே தம்பி, என்ன அது?" அவன் யோசிக்கவே இல்லை. "தேர்ட்டி செவன், செவன்ட்டி த்ரீ, ஒன் ஓ நைன். மூணும்தான் அங்கிள் அதோட ஃபேக்டர்ஸ். கதிர் எப்பவும் சேர்த்துத்தான் சொல்லுவான். ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கழிச்சுப் பாருங்க, சூப்பரா இருக்கும்" என்றான். கழித்துப் பார்த்தேன். முப்பத்தாறு, எழுபத்திரண்டு, நூற்றெட்டு. ஒரு மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. 294409-லிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணை இந்த மூன்றுமே மீதியில்லாமல் வகுக்கின்றன. அதனால்தான் அந்தச் சோதனையில் அது மாட்டுவதில்லையாம். உள்ளே மூன்றாக உடைந்து கிடந்துகொண்டு வெளியே முழுசாக நிற்கிற எண். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன்.

எழுபத்து மூன்றும் நூற்று ஒன்பதும் என் பங்கில் வந்தவை. அது உனக்கும் தெரியும். பிரித்துக் கொடுத்தபோது பட்டியல் எழுதியவனே நீதான். அப்படியானால் உன் அப்பன் வகுக்காமலே எழுதினான் என்பதும் உனக்குத் தெரியும். ஹாஸ்டலில் இருந்தபோதே தெரியும், மேடையில் மைக்கைப் பிடித்தபோதும் தெரியும். முந்நூறு பேர் முன்னால் நீ முப்பத்தேழை மட்டும் சொன்னாய். பழியை உன் பங்கோடு நிறுத்திவிட்டாய். நான் உன்னோடு பேசாமல் இருந்த பத்தொன்பது நாளிலும், "நீங்க மட்டும் என்னவாம்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கிலியைக் கேட்டபோதுகூடக் கேட்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குக் குளிர்ந்துவிட்டது என்று நினைக்காதே. முதலில் இன்னும் கோபம்தான் வந்தது. மறுபடியும் பரிதாபம், மறுபடியும் விட்டுக்கொடுத்தல். இப்போதும் ஏமாந்தவனாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏமாற்றியவர்கள் பட்டியலில் என் பெயர் உன் பெயருக்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நீ என்னைப் பரிதாபத்தால் ஏமாற்றினாய். நான் உன்னை வீம்பால் ஏமாற்றினேன். எது மோசம் என்று எனக்குத் தெரியும்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். மெல்பர்னில் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான். இந்த வழக்கத்தை நிஷாவிடம் கொண்டுபோகாதே. உனக்கு ஏதாவது ஒன்று வகுபட்டுவிட்டது என்று தெரிந்தால், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஐந்து என்று எழுதாதே. அவள் முகம் வாடினால் வாடட்டும், ஒரு பந்துங் குடிக்கும் நேரத்தில் சரியாகிவிடும். நீ அன்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், பிறகு வேறு எண்ணைத் தேடியிருப்பேன். நிஷா, உனக்கும்தான். அவன் ஏதாவது கணக்கில் திணறினால் அங்கே பாரோ பண்ண வேண்டும் என்று தாராளமாகச் சொல். அவன் என்னைப் போல் எழுந்து ஓடினால், ஓட விடாதே.

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு வருகிறேன். சங்கிலி என் சட்டைப் பையில் இருக்கும், எண்ணை மாற்றவில்லை. நோட்டையும் கொண்டுவருகிறேன். என் நாற்பது மீதிகளையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அந்தக் கல் மேசையில் உட்கார்ந்து காகிதத்திலேயே வகுத்துச் சரியானதை எழுதிவிட்டேன். நாலு நாள் ஆனது. இப்போதும் பாரோ பண்ண இரண்டு இடத்தில் மறந்தேன். எழுபத்து மூன்றுக்கும் நூற்று ஒன்பதுக்கும் எதிரே மீதி இல்லை என்று சுழியம் போட்டிருக்கிறேன். முப்பத்தேழுக்கு எதிரே இருக்கும் ஐந்தை நான் தொடவில்லை. அது உன் பங்கு. நீயே அடி. பேனா நான் கொண்டுவருகிறேன்.

அப்பா